இரவல் மிருகங்கள்

கடல் கடந்த நகரங்களின் சீனத் தெருக்களில் ஒருவகைச் சுவரோவியம் இப்போது வழக்கமாகிவருகிறது. ஒரு பக்கமிருந்து சீனத்து டிராகன் வருகிறது. மறுபக்கமிருந்து அந்த மண்ணின் பூர்வகுடிகளுடைய பாம்போ, பறவையோ, ஆமையோ வருகிறது. நடுவில் இரண்டும் பின்னிக்கொள்கின்றன. இப்படிப்பட்டவற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'சங்கமம்' என்ற சொல்லைத் தவறாமல் உபயோகிக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை இல்லை. ஆறுகள் சேருமிடத்தில் எந்த ஆற்றின் சம்மதத்தையும் யாரும் கேட்பதில்லை. அந்த வசதியை முன்னிட்டே அந்த உவமை பிடித்துப்போயிருக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.

இச்சுவர்களை நான் அச்சில் மட்டுமே பார்த்தவன். நவீன ஓவியத்தில் பெரும்பகுதியை நம்மில் பலரும் தபால்தலை அளவில்தானே பார்த்துப் பழகினோம். ஆகவே கோடு, வர்ணம் என்று பேச முற்படப்போவதில்லை. என் கேள்வி அதற்கு முந்தியது. தன் குறியீட்டை இன்னொருவனுடைய குறியீட்டோடு சேர்த்து வரைய ஒருவனுக்கு எது உரிமை தருகிறது? ஆஸ்திரேலியாவை வைத்து இதை யோசிக்கலாம். அங்கே இந்தக் கேள்வியின் ஒரு பாதி நீதிமன்றம் வரைக்கும் போய் வந்திருக்கிறது.

முதலில் கைக்கு அகப்படுவது ஒப்புமை. சீனத்து டிராகன் நீருக்கு அதிபதி, மழையைக் கொண்டுவருவது, ஆற்றிலும் கடலிலும் உறைவது. (நம் புத்தகங்களில் 'பறவை நாகம்' என்று எழுதுகிறார்கள். சீன டிராகனுக்குப் பெரும்பாலும் சிறகே கிடையாது. டிராகன் என்றே இருக்கட்டும்.) ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளில் பலரிடம் நீர்நிலைகளில் வாழும் மகாசர்ப்பம் ஒன்று உண்டு. நிலத்தை உருவாக்கியது அது. முறை தவறியவர்களை விழுங்கவும் கூடியது. இதுவும் நெளிகிறது, அதுவும் நெளிகிறது. இரண்டுக்கும் நீர்தான் வீடு. பின்னிவிடுவதற்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் 'வானவில் பாம்பு' என்ற அந்தப் பொதுப்பெயர் ராட்கிளிஃப்-பிரவுன் என்ற மானிடவியல்காரர் 1926ல் எழுதிய கட்டுரையை ஒட்டிப் புழக்கத்துக்கு வந்தது. மேற்கு ஆர்ன்ஹெம் நிலத்துக் குன்வின்ஜ்கு மக்களுக்கு அது ங்கால்யோட். கிழக்கே யோல்ங்கு மக்களில் சிலருக்கு யுர்லுங்குர். தென்மேற்குக் கோடியில் நூங்கார் மக்களுக்கு வாகில். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை, தனி நீர்நிலை, அதைப் பாடவும் வரையவும் கடமைப்பட்ட தனி மனிதர்கள். ஒரு கிராமத்துக் கருப்பன் அடுத்த கிராமத்துக் கருப்பன் இல்லை என்பது கிராமத்தானுக்குத் தெரியும். புத்தகம் எழுதுகிறவருக்குத்தான் எல்லாக் கருப்பனும் ஒருவன். ஒற்றுமையைக் காண்பது பெரும்பாலும் வெளியில் நிற்பவனின் சௌகரியம். சுவரில் பாம்பையும் டிராகனையும் பின்னுகிறவர் துரை ஏற்கெனவே பின்னிக்கொடுத்த கயிற்றில் இன்னொரு புரியைச் சேர்க்கிறார்.

டிராகன் பக்கம் வேறு விஷயம். அதுவே ஒரு கலப்பு மிருகம். மான் கொம்பு, ஒட்டகத் தலை, கெண்டைச் செதில், கழுகின் நகம் என்று அதற்கு ஒன்பது ஒப்புமைகள் சொல்லும் மரபு சீனாவில் உண்டு. தூண்களில் யாளியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆகவே டிராகனோடு எதையும் சேர்க்கலாம் என்று ஒரு சீன ஓவியனுக்குத் தோன்றினால் அது அவன் மரபுக்கு விரோதமானதல்ல. அந்த மிருகத்துக்கும் ஒரு காலத்தில் சொந்தக்காரன் இருந்தான். ஐந்து நகமுள்ள டிராகனை அரச குடும்பத்துக்கு வெளியே உபயோகிக்கக்கூடாது என்று யுவான் வம்சத்திலிருந்து சட்டங்கள் உண்டு. 1912ல் கடைசிச் சக்கரவர்த்தி முடி துறந்தார். அதற்கப்புறம் டிராகன் எத்தனை நகத்தோடும் சாப்பாட்டுக்கடைப் பலகையில் ஏறலாம், கேட்பார் இல்லை. பாம்பின் சொந்தக்காரர்களோ உயிரோடு இருக்கிறார்கள். சுவரில் சரிசமமாய்க் காட்சி தரும் இரண்டில் ஒன்று பொதுச்சொத்து. மற்றது சில குடும்பங்களின் பொறுப்பில் விடப்பட்டிருப்பது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்த வித்தியாசம் சுவரில் தெரியாது.

சிட்னியின் டார்லிங் துறைமுகத்தில் சீனத் தோட்டம் ஒன்று இருக்கிறது. திறக்கப்பட்டது 1988 ஜனவரியில். அதில் ஒரு டிராகன் சுவர். மெருகிட்ட ஓடுகளால் ஆன இரண்டு டிராகன்கள். ஒன்று குவாங்டாங் மாகாணத்துக்கு, நீல நிறத்திலுள்ள மற்றது நியூ சவுத் வேல்ஸுக்கு. நடுவில் ஒரு முத்து. இரு மாகாணங்களுக்கும் 1979ல் ஏற்பட்ட உறவின் அடையாளம். வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நீல டிராகனை யோசித்துப் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸ் என்ற நிலத்துக்கு ஒரு மிருகம் தேவைப்பட்டபோது, அறுபதாயிரம் ஆண்டுகளை நெருங்கும் காலமாக மிருகங்களின் பாஷையிலேயே தன்னைச் சொல்லிவந்த ஒரு நிலத்துக்கு, சீனாவிலிருந்து ஒன்று வரவழைக்கப்பட்டது. அதே மாதம் 26ஆம் தேதி, வெள்ளைக்காரர் வந்திறங்கிய இருநூறாவது ஆண்டைக் கொண்டாடிய அதே நகரில், பூர்வகுடிகளும் அவர்களுடன் நின்றவர்களுமாகப் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். தங்களுக்கு அது துக்கநாள் என்றார்கள். தோட்டம் போட்ட சீனர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நிலத்தின் சொந்தக்காரராகத் தங்களுக்கு அறிமுகமானவரிடம்தான் அவர்கள் கைகுலுக்கினார்கள். அறிமுகம் செய்துவைத்தவன் யார் என்பதுதான் விஷயம்.

இரவல் மிருகங்கள் எல்லாமே தவறு என்று சொல்வதாக எண்ணவேண்டாம். சீனத்துச் சுவான்ஜோவில் 1281ல் தமிழ் வணிகர்கள் ஒரு சிவன் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். தமிழும் சீனமும் சேர்ந்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது. லிங்கத்தைப் பூஜிக்கும் யானையும் பசுவும் அங்கத்திய கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளூர்த் தச்சர்களின் கைவேலை என்று ஊகிக்கிறார்கள். கோயில் அழிந்தபின் அதன் தூண்களும் சிங்கப் பலகைகளும் கைய்யுவான் பௌத்தக் கோயிலில் போய் உட்கார்ந்துகொண்டன. அங்கே யாருக்கும் யார்மேலும் வருத்தம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. வேலை கொடுத்தவன் தமிழன், செய்தவன் சீனன், இருவரும் ஒரே துறைமுகத்தில் நின்று கூலி பேசியிருப்பார்கள். யானையை யாரும் யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் வடகரையிலும் இப்படி ஒரு துறைமுக உறவு இருந்தது. கடலட்டைக்கான உறவு. சுலவேசித் தீவின் மகாசாரிலிருந்து பாய்மரக் கப்பல்கள் பருவக்காற்றில் ஆர்ன்ஹெம் நிலத்துக்கு வந்து, அங்கே தங்கி, அட்டையை அவித்துக் காயவைத்து எடுத்துப்போகும். அது கடைசியில் சேருமிடம் சீனச் சமையலறை. 1803ல் ஃபிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி அந்தக் கரையை அளந்துகொண்டிருந்தபோது பொபாசு என்ற மகாசார்த் தலைவனின் கப்பல்களைச் சந்தித்தான். யோல்ங்கு மொழிகளில் பணத்துக்கு இன்றும் 'ருபியா' என்றே பெயர். வெள்ளைக்காரனுக்கு 'பலண்டா', ஹாலந்துக்காரன் என்பதன் திரிபு. வெள்ளைக்காரன் வருமுன்பே அவனைப் பற்றிய சொல் வந்துவிட்டிருக்கிறது. பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் மகாசார்க் கப்பல்களை அவர்கள் வரைந்திருக்கிறார்கள். அந்நியனுடைய வடிவத்தை இரவல் வாங்குவதில் அவர்களுக்குக் கூச்சம் இருந்ததில்லை. 1906ல் அரசாங்கம் உரிமம் தர மறுத்ததோடு அந்தப் போக்குவரத்து முடிந்தது. இதற்கிடையில் 1897ல் குவீன்ஸ்லாந்தில் வந்த ஒரு சட்டத்தின் பெயரிலேயே பூர்வகுடிகளின் 'பாதுகாப்பும்' அபின் விற்பனைத் தடையும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. சீனனையும் பூர்வகுடியையும் பிரித்துவைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 1901ல் வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை சட்டமாயிற்று.

ஆக, சீனருக்கும் பூர்வகுடிகளுக்கும் சேர்த்து வரைவதற்கு விஷயம் இல்லாமலில்லை. கடலட்டை இருக்கிறது. ஒரே சட்டம் இருவர் முதுகிலும் வைத்த தழும்பு இருக்கிறது. இவை நடந்தவை. பாம்பும் டிராகனும் ஒரே மாதிரி நெளிகின்றன என்பது நடந்ததல்ல, தோற்றம். நடந்ததை வரைவது சிரமம். அழகில்லாத, வழவழவென்ற ஒரு கடல்பிராணியை யார் நகரத்துச் சுவரில் ஏற்றுவார்கள்? டிராகன் எளிது.

இனி நீதிமன்ற விஷயம். ஜான் புலுன்புலுன் கனல்பிங்கு குலத்தைச் சேர்ந்த ஓவியர். 1946ல் பிறந்து 2010ல் மறைந்தவர். 1978ல் மரப்பட்டையில் ஒரு படம் வரைந்தார்: நீர்நிலையில் கறுப்பு வெள்ளைக் காட்டு வாத்துகளும் அல்லிகளும். அந்த நீர்நிலை ஜுலிபின்யமுர். நீண்ட கழுத்துள்ள ஆமை பூமிக்குள்ளிருந்து முதலில் வெளிப்பட்ட இடம் அது என்பது அவர்கள் வழக்கு. வரையும் முன் குலத்துப் பெரியவர்களிடம் சம்மதம் பெற்றிருந்தார். பின்னால் அந்தப் படத்தை ஒட்டிய துணி கடைகளில் விற்பனைக்கு வந்தது. வழக்குப் போட்டார். இறக்குமதி செய்த ஜவுளிக் கம்பெனி மீறலை ஒப்புக்கொண்டு ஒதுங்கிவிட்டது. ஆனால் வழக்கு அங்கே நிற்கவில்லை. படம் ஓவியனுக்கு மட்டும் சொந்தமா, குலத்துக்கும் பங்குண்டா என்று கேட்டார்கள். 1998ல் நீதிபதி வான் டூசா சொன்னது இது: படத்தின் உரிமையில் குலத்துக்குப் பங்கு இல்லை, ஆனால் ஓவியன் குலத்துக்குக் கடமைப்பட்டவன். குலத்தின் வழக்கத்துக்கு மாறாகத் தன் படத்தை அவன் உபயோகிக்கக்கூடாது. பிறர் மீறினால் தடுக்கவேண்டியதும் அவன் பொறுப்பு. புலுன்புலுன் தானாகவே வழக்குக்கு வந்துவிட்டதால் குலத்துக்கு மேற்கொண்டு பரிகாரம் தேவைப்படவில்லை.

சொந்தமில்லை, ஆனால் கடமை உண்டு. இந்தத் தீர்ப்பு நம் போன்றவர்களைச் சங்கடப்படுத்தவேண்டும். சிறுபத்திரிகைக்காரர்கள் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை, ஒன்றைத் தவிர: எழுதுகிறவன் யாருக்கும் கடன்பட்டவன் இல்லை. கட்சிக்கு இல்லை, வாசகனுக்கு இல்லை, ஜாதிக்கு இல்லை. அவன் பிரக்ஞை ஒன்றே அவனுக்குக் கோர்ட்டு. பிக்காஸோ 1907ல் பாரிஸின் த்ரோகாதேரோ மியூசியத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைக் கண்டதை நவீனத்துவத்தின் புராணமாகவே நமக்குச் சொல்லிக்கொண்டோம். அந்த முகமூடிகள் அங்கே வந்துசேர்ந்த வழியை யாரும் கேட்கவில்லை. நமக்கும் கேட்கத் தோன்றியதில்லை. ஜாதகக் கட்டத்தைத் திரைச்சீலைக்குக் கொண்டுபோன பணிக்கர் எந்த ஜோசியரிடமும் அனுமதி கேட்டிருக்க வேண்டியதில்லை என்றுதான் நான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ஜோசியருடைய ஊரை யாரும் பிடுங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதும் அந்த நினைப்புக்குள் அடங்கியிருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். எழவேண்டும். ஒரு மிருகத்தை ஒரு குலத்தார்தான் வரையலாம் என்பது நம் மூக்குக்குப் பழகிய நாற்றமில்லையா? இன்னார்தான் மூலவரைத் தொடலாம், இன்னார்தான் வேதத்தைக் கேட்கலாம் என்பதோடு போராடித்தானே இந்த நூற்றாண்டுக்கு வந்துசேர்ந்தோம்? மதுரைக் கோயிலுக்குள் சிலர் முதன்முதலாக நுழைய 1939 ஆகவேண்டியிருந்தது. இங்கே பரம்பரை உரிமையை எதிர்ப்பவன் அங்கே அதற்கு வக்காலத்து வாங்குவது எப்படி? நான் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு. இங்கே அந்த உரிமை நிலமும் அரசும் கையில் இருந்தவனிடம் இருந்தது; பிறரை வெளியே நிறுத்த உபயோகப்பட்டது. அங்கே மற்ற எல்லாம் பறிபோனவனிடம் மிஞ்சியிருப்பது அது. நிலம் யாருக்கும் சொந்தமில்லாதது என்ற பொய்யை ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் கைவிட 1992வரை, மாபோ வழக்குவரை, ஆயிற்று. நிலம் அவர்களுடையது என்பதற்கு அவர்கள் நீட்டிய பத்திரங்களில் பாட்டும் படமும் உண்டு. படத்தைப் பொதுவில் வைப்பது பத்திரத்தைப் பொதுவில் வைப்பது. இந்தப் பதில் முக்கால்வாசி எனக்குத் திருப்தி தருகிறது. அந்தக் குலத்துக்குள்ளேயே பிறந்து, அந்த ஆமையை வேறுவிதமாக வரைய நினைக்கும் ஒருவனுக்கு, ஒருத்திக்கு, என்ன சொல்வது? மீதிக் கால்வாசி அங்கே நிற்கிறது. அதை நான் வெளியிலிருந்து தீர்த்துவைக்க முடியாது.

விநோதம் என்னவென்றால், ஒரு படத்துக்காக வழக்காடிய அதே புலுன்புலுன் ஒரு சீன ஓவியரோடு சேர்ந்து வரைந்தார். ஷோ சியாவ்பிங் 1960ல் சீனாவில் பிறந்து 1988ல் ஆஸ்திரேலியா வந்தவர். வடக்கே போய்ப் பூர்வகுடிகளோடு வருஷக்கணக்காகப் பழகியவர். புலுன்புலுனுக்கும் மகாசார் கதை புதிதில்லை. 1993ல் அவரும் அவர் மக்களும் மகாசாருக்கே போய், பழைய கப்பல்களின் நினைவைச் சுமக்கும் தங்கள் சடங்கை அங்கே நடத்தியிருக்கிறார்கள். இருவரின் படங்களும் கடலட்டை என்ற தலைப்பிலேயே 2011ல் பெய்ஜிங்கிலும் பின்னர் மெல்போர்னிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. புலுன்புலுன் அதைப் பார்க்க இல்லை.

இங்கே கலப்பு நடந்திருக்கிறது. ஆனால் மிருகங்கள் கரைந்துபோகவில்லை. ஒருவர் கையில் சீனத் தூரிகை, மற்றவர் கையில் ராரக் எனப்படும் அவர்களது நுண்ணிய குறுக்குக்கோட்டு வேலை. யாருடைய கை எங்கே என்று பார்வைக்குத் தெரியும். அனுமதி வாங்கினாரா என்ற கேள்வியே அங்கு எழாமற்போகக் காரணம், ஷோ எதையும் எடுத்துப்போகவில்லை. சொந்தக்காரரே பக்கத்தில் உட்கார்ந்து தன் பங்கைத் தானே வரைந்தார். எதை வரைவது, எதை வரையாமல் விடுவது என்பது அவர் வசம் இருந்தது. அனுமதிச்சீட்டு என்று நாம் நினைத்துப் பயப்படுகிற சமாச்சாரம் நடைமுறையில் கூட இருப்பதுதான் போலிருக்கிறது. சுவரோவியர்களுக்கு இதில் ஒரு கஷ்டம் உண்டு. நகரசபை கொடுக்கும் அவகாசத்தில் சுவரை முடிக்கலாம், சிநேகத்தை முடியாது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்கிறோம். சுவர் யாருடையது என்று நம் பழமொழி கேட்பதில்லை. சிட்னியின் சீனப்பகுதி நிற்பது கடிகல் மக்களின் நிலத்தில். அங்கே ஹேமார்க்கெட்டில் கிம்பர் லேன் என்ற சந்தில், சரக்கு இறக்கவும் குப்பை எடுக்கவும் இருந்த சந்தில், 2012ல் நகரசபைக்காக ஜேஸன் விங் ஒரு வேலை செய்தார். சீனர், பிரிப்பி பூர்வகுடி என இரு வழியிலும் வந்தவர் அவர். கலப்பு அவர் உடம்பிலேயே இருக்கிறது. சங்கமம் என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. டிராகனையும் பாம்பையும் பின்னுவதற்கு எவருக்காவது உரிமை உண்டென்றால் அவருக்கு உண்டு என்று நாம் சொல்லிவிடுவோம். அவர் இரண்டையும் அங்கே ஏற்றவில்லை. பாதி மனிதனும் பாதி ஆவியுமான உருவங்களைத் தலைக்குமேல் தொங்கவிட்டார். இரவில் நீல வெளிச்சம். சுவரிலும் தரையிலும் சீன மரபின் சுருள் சுருளான மேகங்கள்.

மிருகங்களை அவர் ஏன் விட்டார் என்பதற்கு என்னிடம் ஆதாரமில்லை, ஊகம் மட்டுமே. இரத்தத்தில் இருப்பதாலேயே ஒரு பாம்பு தன்னுடையதாகிவிடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஒருவர் பிரிப்பியாக இருந்தும் கடிகல் நிலத்தில் விருந்தாளிதான். அல்லது வெறும் ருசி சம்பந்தப்பட்ட விஷயமாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மேகங்களைப் பார்க்கும்போது சென் ரோங் 1244ல் வரைந்த ஒன்பது டிராகன் சுருள் ஞாபகம் வருகிறது. பாஸ்டன் மியூசியத்தில் இருப்பது. அதில் டிராகன்கள் மேகத்துக்குள்ளிருந்து பாதி பாதியாகத்தான் வெளியே வருகின்றன. ஒன்றின் வால் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருக்கலாம். கிம்பர் லேனில் வரையப்பட்டது மேகம் மட்டும். அதற்குள் எது இருக்கிறது, யாருடையது என்பதை அவர் வரையவில்லை.